பட்ட மரத்தில் புல்லுருவி பச்சையாக இருக்காது

சாலையோர மரங்களைக் கணக்கெடுக்க வந்து 41 மரங்களுக்குச் சிவப்புச் சாயத்தில் எண் போட்டுவிட்டுச் சென்ற அதிகாரிகளுக்கும், அந்தப் பட்டியலைப் படித்துப் பார்க்காமலே கையெழுத்திட்டவர்களுக்கும்,

மரம் ஏறிக் கவாத்துச் செய்வது என் தொழில். 34 ஆண்டுகளாக இதைத்தான் செய்து பிழைக்கிறேன். மாந்தோப்பில் காய்ந்த கிளை எடுப்பேன், மின்கம்பியில் உரசும் கொப்பை இறக்குவேன், மரக்கிளையில் ஒட்டி வளரும் புல்லுருவியை வெட்டுவேன். பத்தாம் வகுப்பு வரைதான் படிப்பு. இந்த மடலை நான் சொல்லச் சொல்ல என் மகள் தட்டச்சு செய்கிறாள். எழுத்துப் பிழையை அவள் திருத்திவிடுவாள். மரத்தைப் பற்றி எழுதியதில் பிழை இருந்தால் நீங்கள் நேரில் வந்து திருத்துங்கள்.

மாசிக் கடைசியில் உங்கள் ஜீப் எங்கள் சாலையில் வந்து நின்றது. இரண்டரை கிலோமீட்டர் தூரத்தை ஒரே முற்பகலில் முடித்துவிட்டீர்கள். ஒருவர் அண்ணாந்து பார்த்தார், ஒருவர் எழுதினார், ஒருவர் சாயம் அடித்தார். மரத்தைத் தொட்டது அந்தச் சாயக்காரர் மட்டும்தான். பங்குனியில் ஊராட்சி அலுவலகப் பலகையில் ஏல அறிவிப்பு ஒட்டினார்கள். வேம்பு 17, புங்கம் 9, வாகை 8, தூங்குமூஞ்சி 4, மா 2, புளி 1. காரணம் என்ற பத்தியில் 41 இடத்திலும் ஒரே வரி: ‘புல்லுருவி தாக்கிப் பட்ட மரம்.’

ஏலத் தேதிக்கு முன்னாலேயே 14-ஆம் எண் வாகையை வெட்டிவிட்டீர்கள். பள்ளத்தில் தண்ணீர்க்குழாய் போட வந்த ஒப்பந்தக்காரருக்கு அது இடைஞ்சலாம், எப்படியும் பட்டியலில் இருக்கிற மரம்தானே என்றாராம். நான் போய்ச் சேர்ந்தபோது அடிக்கட்டை மட்டும் இருந்தது. உட்கார்ந்து கையை வைத்துப் பார்த்தேன். வெளிவட்டம் வெளுப்பாக, ஈரமாக இருந்தது. உள்ளே கருங்காப்பி நிறத்தில் வைரம் பாய்ந்திருந்தது. பட்டைக்கும் மரத்துக்கும் நடுவே நகத்தால் கீறினால் பச்சை. ஈரம் விரலில் ஒட்டியது. பட்ட மரத்தை நான் ஆயிரம் தடவை வெட்டியிருக்கிறேன். அரிவாள் பட்டால் வறட்டுச் சத்தம் வரும், மாவாக உதிரும், ஈரத்துக்கு அதில் வேலையே இல்லை. அந்த வாகை வெட்டுப்படும் நிமிடம் வரை தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது.

நீங்கள் ஏமாந்த இடம் எது என்று எனக்குத் தெரியும். மாசியில் வாகை மொட்டை மரம். நெற்று மட்டும் தொங்கிச் சலசலக்கும். வேம்பும் அதையொட்டி இலை கொட்டும், புங்கமும் கொட்டும். அந்த மொட்டைக் கிளைகளுக்கு நடுவில் புல்லுருவி மட்டும் கொத்துக் கொத்தாகப் பச்சையாய்த் தெரியும். ஜீப்பிலிருந்து பார்க்கிறவருக்கு மரம் செத்துவிட்டது, ஒட்டுண்ணி பிழைத்துக்கொண்டது என்றுதான் தோன்றும்.

ஐயா, புல்லுருவிக்கு மண்ணில் வேர் கிடையாது. உணவு தயாரிக்க அதற்கு இலை இருக்கிறது. ஆனால் குடிக்கிற தண்ணீர் ஒவ்வொரு சொட்டும், அதில் கரைந்த உப்பும், தாய்மரம் கொடுப்பது. அதனால்தான் படித்தவர்கள் அதை அரை ஒட்டுண்ணி என்கிறார்கள். தாய்க்கிளையை வெட்டிக் கீழே போட்டுப் பாருங்கள். இரண்டு மூன்று நாளில் புல்லுருவி இலை துவண்டுவிடும், ஆடு கூட முகர்ந்துவிட்டுப் போய்விடும். கொளுத்தும் மாசியில் ஒரு கிளையில் புல்லுருவி தளதளவென்று நிற்கிறது என்றால், அடி வேரிலிருந்து அந்தக் கிளை வரைக்கும் மரம் தண்ணீர் ஏற்றிக்கொண்டிருக்கிறது. மரம் இலையை உதிர்த்துச் சிக்கனமாக இருக்கிறது, இந்த விருந்தாளி சிக்கனம் பார்க்காமல் குடிக்கிறது, அவ்வளவுதான். மரம் சாகவில்லை என்பதற்கு உங்கள் கண்ணெதிரே இருந்த சாட்சியைத்தான் செத்ததற்கு ஆதாரமாக எழுதியிருக்கிறீர்கள்.

இப்போது சித்திரை. நேற்று முழுக்க அந்தச் சாலையில் நடந்தேன். எண் போட்ட 17 வேம்பில் 16 பூத்துவிட்டன, ஒன்று இப்போதுதான் செந்தளிர் விட்டிருக்கிறது. புத்தாண்டு அன்று எங்கள் தெருப் பெண்கள் 22-ஆம் எண் மரத்தடியில் சேலையை விரித்துப் பூ உலுக்கிக்கொண்டு போனார்கள். நீங்கள் பட்டுவிட்டதாக எழுதிய மரத்தின் பூவில்தான் எங்கள் வீட்டிலும் பச்சடி.

34-ஆம் எண்ணைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். அந்தப் புளியமரத்தில் புல்லுருவியே இல்லை. கவையில் முளைத்திருப்பது ஓர் அரசங்கன்று. காக்கை எச்சத்தில் விழுந்த விதை. அரசிலை எது, புல்லுருவி இலை எது என்று எங்கள் ஊர் ஆடு மேய்க்கும் பிள்ளைகளைக் கேட்டாலே சொல்லியிருப்பார்கள்.

இத்தனையும் சொல்வதால் நான் புல்லுருவிக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று நினைக்கவேண்டாம். அதை வெட்டித்தான் என் வீட்டில் அடுப்பு எரிகிறது. கவனிக்காமல் விட்டால் ஒரு மாமரத்தைப் பத்துப் பதினைந்து ஆண்டில் எலும்பாக்கிவிடும். புல்லுருவி உட்கார்ந்த இடத்துக்கு அப்பால் கிளை நுனி முதலில் காயும், பிறகு காய்ப்புக் குறையும், பிறகு அடுத்த கிளைக்குப் போகும். உங்கள் பட்டியலில் உள்ள இரண்டு மாமரங்களும் அப்படிப் போனவைதான். ஒரு புங்கத்தில் ஒரு நல்ல கிளைகூட மிச்சமில்லை. ஒரு வாகை அடியில் பொந்து விழுந்து சாலைப் பக்கம் சாய்ந்திருக்கிறது. அந்த நான்கையும் வெட்டுங்கள், நானே கயிறு பிடிக்கிறேன். நீங்கள் முன்பே வெட்டிவிட்ட 14-ஆம் எண் போக, மீதி 36 மரங்களைப் பற்றித்தான் என் வழக்கு.

எங்கள் பிழை எங்கே என்று நீங்கள் கேட்கலாம். புல்லுருவி என்றால் புல்லுருவிதானே, எந்த மரத்தில் இருந்தால் என்ன, வெட்டித் தள்ளுவதுதானே என்று ஒரு அலுவலர் என்னிடமே கேட்டார். எந்த மரத்தில் இருக்கிறது, எந்த ஊரில் இருக்கிறது என்பதைப் பொறுத்து வேலை முழுக்க மாறும் என்று அவரிடம் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவருக்குப் போன் வந்துவிட்டது. இங்கே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பக்கம் மாந்தோப்புச் சீமை, ஆகவே புல்லுருவி என்றால் மாமரம்தான். ஆனால் கூலிக்காக நான் போன ஊர்களில் எல்லாம் கதை வேறு. பழனிக்குப் பக்கத்தில் ஆயக்குடியில் கொய்யாவில் பார்த்தேன். பண்ருட்டிப் பக்கம் முந்திரியில். மலை தாண்டிக் கேரளத்து நிலம்பூர் போனால் தேக்கில். அங்கே அதற்கு இத்திள் என்று பெயர். எங்களோடு நான்கைந்து ஆண்டு வேலை பார்த்த ஈழத்துக்காரர் ஒருவர் புல்லுருவி என்று ஒருநாளும் சொன்னதில்லை, குருவிச்சை என்றுதான் சொல்வார். சிங்களவர் பிளில என்பார்களாம். குருவியால் வருவது என்பதைப் பெயரிலேயே வைத்த அந்தச் சொல் எனக்கு நம் சொல்லைவிடப் பிடிக்கும். புல்லுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு இதுவரை விளங்கவில்லை.

இத்தனை ஊரிலும் நான் பார்த்தது பெரும்பாலும் ஒரே செடிதான். தடித்த, சற்றே சாம்பல் பூத்த இலை. வளைந்த குழல் போல ஆரஞ்சுப் பூ. அதே செடி ஏறக்குறைய 400 வகை மரங்களில் பதிவாகியிருக்கிறது என்று, என்னோடு ஒரு பருவம் முழுக்கக் குறிப்பேட்டோடு அலைந்த ஆராய்ச்சி மாணவி சொன்னாள். அத்தனை மரத்தில் ஏறக்கூடியது ஏன் ஒவ்வோர் ஊரிலும் ஒன்றிரண்டு மரத்தையே பிடித்துக்கொள்கிறது? அந்தப் பெண் கேட்டபோது நான் விதையைக் காட்டினேன்.

உங்களுக்கும் காட்டுகிறேன். பழுத்த புல்லுருவிப் பழம் ஒன்றைப் பிதுக்குங்கள். உள்ளே ஒற்றை விதை. அதைச் சுற்றி ஒரு பசை. விரலில் பட்டால் விரலை விடாது, இழுத்தால் நூலாக நீளும், வேட்டியில் துடைத்தால் வேட்டியோடு போகும். இதைத் தின்பது கட்டைவிரல் அளவுள்ள ஒரு சாம்பல் குருவி. பூக்கொத்தி என்று பறவைக்காரர்கள் சொல்கிறார்கள். ‘டிக் டிக்’ என்று கத்திக்கொண்டே பறக்கும். தின்ற விதை சீக்கிரமே பின்வழியாக வந்துவிடும், ஆனால் பசை விடாது. அதனால் குருவி கிளையில் பின்புறத்தைத் தேய்த்துத் தேய்த்து விதையை ஒட்டிவிட்டுப் போகும். இனி மண்ணும் வேண்டாம், மழையும் வேண்டாம், விதை முளைத்துவிடும். மின்கம்பியில் முளைத்ததைப் பார்த்திருக்கிறேன், வேலிக் கம்பியிலும் பார்த்திருக்கிறேன். ஒரு பச்சைக் குச்சி வளைந்து வந்து கம்பியைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டுக் காய்ந்துபோகும். தென்னையிலும் பனையிலும் விதை ஒட்டியிருக்கும், செடியாகி நான் ஒருநாளும் கண்டதில்லை.

ஆக, இரண்டு காரியம் நடக்கவேண்டும். குருவி அந்த மரத்தில் வந்து உட்காரவேண்டும், அந்த மரத்தின் பட்டை உள்ளே விடவேண்டும். குருவி எங்கே உட்காரும்? பழம் இருக்கிற இடத்திலேயே சுற்றும். ஏற்கெனவே புல்லுருவி உள்ள மரத்தில்தான் மறுபடியும் உட்காரும், அதற்கடுத்து பக்கத்து மரத்தில். பக்கத்து மரமும் அதே சாதி மரமாக இருந்துவிட்டால் வேலை சுலபம். மைல் கணக்கில் மாவையே நட்டு வைத்த ஊரில் மாவைப் பிடிக்கிறது, தேக்கையே வரிசையாக நட்ட ஊரில் தேக்கைப் பிடிக்கிறது. பெரிய பங்கு நாம் நட்ட விதத்தில் இருக்கிறது. பறவை ஆராய்ச்சியாளர் சலீம் அலி 1930களின் தொடக்கத்திலேயே கொங்கண் பக்கம் இந்தப் பூக்கொத்தியையும் தேன்சிட்டையும் புல்லுருவியையும் சேர்த்துக் கவனித்து எழுதிவிட்டார் என்று அந்த மாணவி சொன்னாள். தேன்சிட்டு பூவுக்கு வரும், பூக்கொத்தி பழத்துக்கு வரும், இரண்டுக்கும் நடுவில் மரம் மாட்டிக்கொள்ளும். இன்னொன்றும் சொன்னாள். ஐரோப்பாவில் பரவலாக உள்ள புல்லுருவி ஒரே இனம் என்றாலும் அதில் பிரிவுகள் உண்டாம். ஆப்பிள், பாப்லர் போன்ற அகன்ற இலை மரங்களில் வளர்வது ஒன்று, ஃபிர் மரத்தில் வளர்வது ஒன்று, பைன் மரத்தில் வளர்வது ஒன்று. அதே இனம்தான் இமயமலைப் பக்கம் அக்ரூட் மரத்திலும் சர்க்கரைப் பாதாமியிலும் இருக்கிறதாம். ஊருக்கு ஊர் அது தன் மரத்தோடு பழகிக்கொள்கிறது என்பதை அவள் படித்துத் தெரிந்துகொண்டாள், நான் ஏறித் தெரிந்துகொண்டேன். உங்கள் படிவத்தில் மட்டும் எல்லா மாவட்டத்துக்கும் எல்லா மரத்துக்கும் ஒரே கட்டம்.

இந்தப் பழக்கம் வேலையில் எப்படி மாறுகிறது என்று சொல்கிறேன். தேக்கு இலை உதிர்க்கும் மரம். கோடையில் தரையில் நின்றே புல்லுருவியை எண்ணிவிடலாம். ஆனால் தேக்கு நெட்டையாக வளர்ந்து நிற்கும், கிளை உச்சியில்தான் இருக்கும், ஏறி வெட்டுவது உயிரோடு விளையாட்டு. அதனால் கேரளத்தின் வன ஆராய்ச்சி நிறுவனத்தார் மரத்தில் மருந்தை ஊசி போலச் செலுத்திப் பார்த்திருக்கிறார்கள். கொய்யாவுக்கு அது தேவையே இல்லை, ஏணி போட்டால் கைக்கெட்டும். மாமரம் எப்போதும் இலையோடு இருக்கும், கீழே நின்றால் பாதி புல்லுருவி தெரியாது. அடிமரத்தோடு சாய்ந்து நின்று உள்ளிருந்து மேலே பார்க்கவேண்டும், அப்போதுதான் கரும்பச்சைக்கு நடுவில் சாம்பல் பச்சை தெரியும். வேம்பையும் வாகையையும் மாசியில் பார்த்தால் புல்லுருவிக் கணக்கு சரியாக வரும். மரம் உயிரோடிருக்கிறதா என்ற கணக்கு தப்பாக வரும். அதற்குச் சித்திரை வரை பொறுக்கவேண்டும். நீங்கள் இரண்டு கணக்கையும் ஒரே நாளில் போட்டீர்கள்.

மலைக்காட்டில் இது இன்னும் வேறு. தாளவாடி தாண்டிக் கர்நாடகப் பக்கம் பிலிகிரி ரங்கன் மலை இருக்கிறது. அங்கே நெல்லி மரங்களைப் புல்லுருவி பிடித்து நலிய வைத்துவிட்டது. அங்கே வாழும் சோளகர் பழங்குடிகளுக்கு நெல்லி வருமானம். அவர்கள் புல்லுருவியை உப்பிலு என்பார்கள். காட்டில் முன்பெல்லாம் கோடைக்கு முன் சருகுக்குச் சிறுதீ வைப்பார்கள். 1974-இல் அது சரணாலயமானது, தீ வைப்பதும் தடையானது. தீ நின்றதால்தான் உப்பிலு பெருகியது என்பது சோளகர்களின் பேச்சு. ஆராய்ச்சியாளர்கள் அதைத் தள்ளிவிடாமல் எடுத்துக்கொண்டு போய்ச் சோதித்தார்கள், அவர்களோடு உட்கார்ந்து பேசினார்கள். நெல்லி பறிக்கும்போதே புல்லுருவிக் கிளையையும் வெட்டிவிடுவது என்ற வழக்கம் பற்றியும் கேட்டு எழுதிக்கொண்டார்கள். காட்டில் ஏறுகிறவனைக் கேட்டால் ஏதாவது தெரியும் என்ற எண்ணம் அங்கே இருந்திருக்கிறது. எங்கள் சாலையில் ஜீப் நின்ற அன்று நான் எதிர்த் தோப்பில் மரத்தின் மேல் இருந்தேன். ஒரு குரல் கொடுத்திருந்தால் இறங்கி வந்திருப்பேன்.

எனக்கும் எல்லாம் பிறக்கும்போதே தெரிந்துவிடவில்லை. தொழிலுக்கு வந்த இரண்டாம் ஆண்டு, ஒரு மல்கோவாத் தோப்பில் புல்லுருவி எடுக்கும் வேலை. துறட்டியை மாட்டி இழுத்தேன், கொத்து கொத்தாக வந்து விழுந்தது. ஒரே நாளில் பதினெட்டு மரம். முதலாளி மெச்சிக் கூடுதலாகப் பத்து ரூபாய் கொடுத்தார். மறு வருடமே ஒரு கொத்து இருந்த இடத்தில் நான்கு கொத்து. அவர் திட்டியதை இங்கே எழுதினால் மகள் தட்டச்சு செய்யமாட்டாள். நான் கவனிக்காதது இதுதான்: இந்தச் செடி விழுந்த இடத்தில் மட்டும் உள்ளே இறங்குவதில்லை. பட்டையின் மேலேயே கொடி போல ஒரு வேரை ஓட்டும், சாண் தூரத்துக்கு ஒரு முறை உறிஞ்சியை இறக்கும். கொத்தைப் பிடுங்கினால் அந்த வேர் மிச்சம் இருக்கும், ஒவ்வோர் உறிஞ்சியிலிருந்தும் புதிதாகத் துளிர்க்கும். அதனால் வேர் ஓடிய தூரத்தை முதலில் கண்ணால் அளக்கவேண்டும். அது முடியும் இடத்திலிருந்து அடிமரத்தின் பக்கம் இன்னும் ஒன்று, ஒன்றரை அடி விட்டுக் கிளையோடு வெட்டவேண்டும். வெட்டுவாயில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோப் பசை தடவவேண்டும். பெரிய கிளையாக இருந்து வெட்ட மனம் வராவிட்டால், முடிச்சு விழுந்த இடத்தைச் செதுக்கி எடுத்து ஒவ்வோர் ஆண்டும் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். விழுந்த தழையை வீட்டுக்கு எடுத்துவந்தால் ஆடு விரும்பித் தின்னும். முழு மரத்தை வெட்டவேண்டிய இடம் நூற்றில் ஒன்றிரண்டுதான் வரும்.

ஒருமுறை தூங்குமூஞ்சி மரத்தில் வெட்டிய கிளையைக் கீழே இறக்கினேன். புல்லுருவியின் தண்டிலேயே இன்னொன்று ஒட்டிக்கொண்டிருந்தது. இலையே இல்லை, சப்பட்டையாகக் கணுக்கணுவாகத் தொங்கியது. புல்லுருவியைப் பிடித்த புல்லுருவி. அரைமணி நேரம் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மேஸ்திரி கூலியில் பிடித்துக்கொண்டார்.

இன்னொரு கூட்டத்துக்கும் இந்த மடலில் பங்கு உண்டு. மாந்தோப்பை இரண்டு மூன்று பருவத்துக்குக் குத்தகைக்கு எடுக்கும் வியாபாரிகளே, தோப்பில் பூ வைத்துவிட்டால் எங்களை வேலிக்குள்ளேயே விடமாட்டேன் என்கிறீர்கள். எங்கள் பக்கம் புல்லுருவிக்கும் அதே சமயம்தான் பூ, அதே கோடையில்தான் பழம். நீங்கள் மாங்காய் இறக்கி முடிப்பதற்குள் குருவி தன் வேலையை முடித்துவிடுகிறது. அறுவடை முடிந்ததும் குத்தகை முடிந்தது என்று போய்விடுகிறீர்கள். ஆடி, ஆவணியில் ஒரு சுற்றுக் கவாத்துக்குப் பணம் போடுவது நில உரிமையாளர் வேலை என்கிறீர்கள், அவர் உங்கள் வேலை என்கிறார். சாலையோர வேம்புக்குப் புல்லுருவி எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறீர்கள்? 36 மரத்தையும் வெட்டிவிட்டாலும் உங்கள் தோப்பிலிருந்து குருவி வந்துகொண்டுதான் இருக்கும்.

மருந்துக்காக வருகிறவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. வேம்பில் உள்ள புல்லுருவிக்கு ஒரு குணம், மாவில் உள்ளதற்கு ஒரு குணம் என்று சித்த வைத்தியர்கள் சொல்வார்கள், மரத்தின் பெயர் கேட்டுத்தான் வாங்கிப் போவார்கள். மரத்துக்கு மரம் வேறு என்ற அளவுக்கு அவர்களாவது யோசிக்கிறார்கள். அமாவாசை இரவில் அத்திமரத்துப் புல்லுருவி பறித்துக் கொடுத்தால் 2000 ரூபாய் தருகிறேன், பெட்டியில் வைத்தால் பணம் கொட்டும் என்று ஒருவர் வந்தார். பணம் கொட்டும் என்றால் எனக்கு ஏன் வெறும் 2000 என்று கேட்டேன். போனவர் திரும்பி வரவில்லை.

இனி நான் கேட்பது.

ஏலத்தை நிறுத்துங்கள். 36 மரங்களின் எண்ணையும் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, எடுத்ததாக அதே பலகையில் எழுதி ஒட்டுங்கள். பொது இடத்து மரத்தை வெட்டுவது பற்றி முடிவெடுக்க மாவட்டப் பசுமைக் குழு இருக்கிறது. 14-ஆம் எண் வாகை எந்தக் கோப்பில், யார் அனுமதியில் வெட்டப்பட்டது என்பதை அந்தக் குழுவின் முன் வைத்து, எங்களுக்கும் எழுத்தில் தாருங்கள்.

வெட்டவேண்டியது கிளையை. 36 மரத்திலும் எந்தக் கிளை, எத்தனை அடி என்று நான் குறித்து வைத்திருக்கிறேன். புங்கத்தில் மட்டும் கொஞ்சம் அதிகம், தூங்குமூஞ்சி நான்கிலும் சேர்த்து ஏழே கிளை. ஆடி, ஆவணியில் வேலையைத் தொடங்கினால் அடுத்த பழத்துக்கு முன் முடித்துவிடலாம். ஏறத் தெரிந்த ஆட்கள் எங்கள் வட்டாரத்திலேயே ஒன்பது பேர் இருக்கிறோம். இயந்திர ரம்பத்தோடு வருகிற ஒப்பந்தக்காரருக்கு மர எடைக்குப் பணம் கொடுக்காதீர்கள். எடைக்குப் பணம் என்றால் அவர் கிளையோடு நிற்கமாட்டார். எங்களுக்கு நாள் கூலியும், இடுப்புப் பட்டையும், காப்பீடும் கொடுங்கள். போன வருடம் விழுந்தவனுக்கு இன்னும் இடது கை தூக்க வரவில்லை.

களைக்கொல்லியை அடிமரத்தில் ஊற்றும் யோசனை இருப்பதாகக் கேள்விப்பட்டேன். அதைக் கைவிடுங்கள். அந்த மரங்களின் அடியில்தான் ஆடு கட்டுகிறோம், வேப்பங்கொட்டை பொறுக்குகிறோம்.

கணக்கெடுப்புப் படிவத்தை மாற்றுங்கள். எந்த மரம், இலை உதிர்க்கும் மரமா இல்லையா, பார்த்த மாதம் எது, புல்லுருவி எத்தனை கிளையில், அந்தக் கிளைக்குக் கீழே பட்டை பச்சையா என்று கட்டம் வேண்டும். முந்திரி ஊருக்கும் மா ஊருக்கும் ஒரே மாதத்தில் சுற்றறிக்கை அனுப்பாதீர்கள். ஒவ்வொரு வட்டாரத்திலும் கவாத்துக்காரர் ஒருவரையாவது குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள். மலைக்காட்டுக்குள் இந்த ஒழிப்பு வேலையைக் கொண்டுபோகாதீர்கள். அங்கே எதைச் செய்வது என்று அங்கே இருப்பவர்களைக் கேளுங்கள். மேலே வெள்ளையாய், அடியில் மஞ்சளும் ஓரத்தில் சிவப்புமாய் ஒரு பட்டாம்பூச்சி பறக்கும், ஜெசபெல் என்கிறார்கள். அது முட்டையிடுவது புல்லுருவி இலையில்தான். கூட்டமாகப் புழுக்கள் இருக்கும் கொத்தை நான் எப்போதும் கடைசியாகத்தான் வெட்டுவேன். அதற்கு மேல் காரணம் கேட்காதீர்கள்.

வெட்டப்போகும் நான்கு மரத்துக்கும் வெட்டிவிட்ட ஒன்றுக்கும் பதில் கன்று நடும்போது, லாரியில் புங்கத்தை மட்டும் ஏற்றிக்கொண்டு வராதீர்கள். இலுப்பை, நாவல், பூவரசு, வேம்பு என்று கலந்து நடுங்கள். ஒரே மரத்தை வரிசையாக நட்டால் என் பேரனுக்கும் இதே வேலையைத் தேடி வைக்கிறீர்கள்.

ஏலம் வைகாசி முதல் வாரம் என்று போட்டிருக்கிறது. அதற்கு முன் ஒருநாள், வெயில் ஏறுமுன் காலை ஆறு மணிக்கு 22-ஆம் எண் வேம்படிக்கு வாருங்கள். பட்டியலில் கையெழுத்திட்டவர்களில் ஒருவராவது வரவேண்டும். நான் ஏறி ஒவ்வொரு கிளையிலும் பட்டையைக் கீறிக் காட்டுகிறேன். வறட்சியாக இருந்தால் அங்கேயே வெட்டிக் கொடுக்கிறேன், கூலி வேண்டாம். பச்சையாக இருந்தால் சாயத்தை அழிக்கத் தேவையான மண்ணெண்ணெயும் துணியும் நீங்கள் கொண்டு வாருங்கள்.